மார்பகப் புற்றுநோயும் சோறும் நடையும் - ஒரு சின்ன வரலாறு

போன தடவை ஜவ்வரிசி ஆலைகளின் கதையை எழுதினேன். இந்தத் தடவை தலைப்பைப் பார்த்துவிட்டு, "பி.காம் படிக்கிற பையனுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். காரணம் எங்கள் அத்தை.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. வயது 54. சேந்தமங்கலத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். போன வருஷம் மார்பில் ஒரு கட்டி. சேலத்தில் ஆபரேஷன், அப்புறம் கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து, இப்போது தினம் ஒரு மாத்திரையோடு வீட்டில் இருக்கிறார். சிகிச்சை நடந்தபோது எல்லோரும் ஒற்றுமையாகத்தான் இருந்தோம். முடிந்த பிறகுதான் சண்டை ஆரம்பித்தது!

ஒரு கட்சி, "உடம்பு தேறோணும், நல்லா சாப்பிட்டுப் படுத்திரு, ஒரு வேலையும் செய்யாதே" என்றது. இன்னொன்று பத்தியக் கட்சி. கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, கோழி கூடவே கூடாது, பிராய்லர் தின்னதால்தான் இந்த நோயே வந்தது என்றது. (நாமக்கல் மாவட்டத்தில் இருந்துகொண்டு கோழியைத் திட்ட ஒரு தைரியம் வேண்டும்.) மூன்றாவதாக ஒரு உறவினர், நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று ஒரு பவுடர் டப்பாவைக் கொண்டு வந்து வைத்தார். டப்பா 2,800 ரூபாய். மாதம் இரண்டு வேண்டுமாம். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நீ படிக்கிற பையன்தானே கண்ணு, எது நெசம்னு பார்த்துச் சொல்லு. நான் நடக்கலாமா கூடாதா?"

மூன்று வாரம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததில் எனக்குப் பெரிய ஆச்சரியம், எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த இதே சண்டை நூறு வருஷமாக விஞ்ஞானிகளுக்குள்ளும் நடந்திருக்கிறது என்பதுதான். அதில் ஒரு முக்கியமான காட்சி நம் குன்னூரிலேயே நடந்திருக்கிறது.

முதலில் பத்தியக் கட்சி. இதன் மூலவர் 2ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த கேலன் என்ற மருத்துவர். உடம்பில் கறுப்புப் பித்தம் கூடினால் புற்று வரும் என்று அவர் எழுதினார். பித்தம் சாப்பாட்டிலிருந்து வருகிறது, ஆகவே பேதி கொடு, சாப்பாட்டைக் குறை. ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஐரோப்பா இதையே நம்பியது. நோயாளியைப் பட்டினி போட்டதை விட, "நீ சாப்பிட்டதால்தான் வந்தது" என்ற பழியைச் சுமக்க வைத்ததுதான் இதில் பெரிய கொடுமை என்று எனக்குத் தோன்றுகிறது. கேலன் போய்ச் சேர்ந்தாலும் பழி மட்டும் சேந்தமங்கலம் வரை வந்துவிட்டது பாருங்கள்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கத்தி வந்தது. அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் மார்பையும் அதன் அடித்தசையையும் சேர்த்தே அகற்றினார். 1896ல் கிளாஸ்கோவில் பீட்சன் என்ற டாக்டர் சினைப்பைகளை எடுத்துவிட்டால் சிலருக்கு மார்பகக் கட்டி சுருங்குகிறது என்று கண்டார். மார்புக்கும் சினைப்பைக்கும் என்ன சம்பந்தம்? அதன் விடைதான் பின்னால் ஈஸ்ட்ரோஜன் என்று பெயர் பெற்றது. அத்தை தினமும் போடும் மாத்திரையும் அந்த ஈஸ்ட்ரோஜன் வழியை அடைப்பதற்குத்தான்.

அடுத்து ஒரு பெண் டாக்டர். ஜேனட் லேன்-கிளேபன். 1926ல் இங்கிலாந்தில், மார்பகப் புற்றுநோய் வந்த சுமார் 500 பெண்களையும் வராத சுமார் 500 பெண்களையும் எடுத்துக்கொண்டு, எத்தனை குழந்தை, பால் கொடுத்தீர்களா, எப்போது கல்யாணம் என்று கேட்டுப் பட்டியல் போட்டார். நோய் வந்தவரையும் வராதவரையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்க்கும் இந்த முறை அப்போது ரொம்பப் புதுசு. குழந்தை குறைவாகப் பெற்றவர்கள், பால் கொடுக்காதவர்கள் பக்கம் நோய் கூடுதலாக இருந்தது. எங்கள் பேராசிரியர் சொல்லிக் கொடுக்கும் ஒப்பீட்டு அறிக்கை மாதிரியேதான்! இந்த முறையைப் பின்னால் நம் ஊர்க்காரர்கள் பயன்படுத்தியதைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

இப்போது குன்னூர். ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ டாக்டர் 1918 வாக்கில் அங்கே பெரிபெரி நோயை ஆராய வந்தார். ஒரே ஒரு அறையில் தொடங்கிய அந்த ஆய்வுதான் பின்னால் வளர்ந்து, 1958ல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. அவர் புறாக்களுக்குத் தீட்டிய அரிசியை மட்டும் போட்டு வளர்த்தார். புறாக்கள் நோஞ்சானாகிச் செத்தன. அறுத்துப் பார்த்து ஒவ்வொரு உறுப்பையும் எடை போட்டபோது, மற்ற எதையும் விட மோசமாகச் சுருங்கியிருந்தது தைமஸ் என்ற சுரப்பி.

தைமஸ் எதற்கு இருக்கிறது என்று அன்றைக்கு உலகத்தில் யாருக்கும் தெரியாது. மெக்காரிசனும் எடையை எழுதி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார். 40 வருஷம் கழித்து, 1961ல் லண்டனில் ஜாக் மில்லர் என்பவர் பிறந்த எலிக்குட்டிகளின் தைமஸை எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. நோயோடு சண்டை போடும் ஒரு வகை வெள்ளை அணுக்கள் பயிற்சி பெறும் பள்ளிக்கூடமே தைமஸ்தான்! அப்படியானால் சத்தில்லாத சோறு முதலில் இடித்தது அந்தப் பள்ளிக்கூடத்தை. உணவுக்கும் நோய் எதிர்ப்புக்கும் உள்ள தொடர்பு நீலகிரியில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் 40 வருஷம் தூங்கியிருக்கிறது.

மெக்காரிசனின் இன்னொரு சோதனையும் சுவாரசியமானது. இந்தியாவின் ஏழு பகுதிச் சாப்பாடுகளை ஏழு கூட்டம் எலிகளுக்குப் போட்டார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்ற பஞ்சாப் எலிகள் சராசரி 235 கிராம். கடைசி இடம் யாருக்கு? தீட்டிய அரிசியும் கொஞ்சம் காயும் தின்ற மதராஸ் எலிகளுக்கு, 155 கிராம். (படித்ததும் மத்தியானச் சோற்றுத் தட்டைச் சந்தேகமாகப் பார்த்தேன்.) கொல்லிமலையில் இன்றும் சாமையும் கேழ்வரகும் விளைகிறது. அப்பத்தா காலத்தில் எங்கள் வீட்டில் நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் என்பார்கள். அதை வைத்து "அந்தக் காலத்தில் நோயே இல்லை" என்று சொல்ல நான் தயாராக இல்லை. அந்தக் காலத்தில் பலர் புற்றுநோய் வரும் வயது வரை வாழவேயில்லை.

ஆக, குன்னூர்க் கணக்குப்படி "நல்லா சாப்பிடு" கட்சி ஜெயித்துவிட்டது. ஆனால் அதே காலத்தில் நியூயார்க்கில் நேர் எதிரான ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

1914ல் பேட்டன் ரௌஸ் என்பவர் (கோழிக் கட்டியில் வைரஸ் கண்டுபிடித்ததற்காகப் பின்னால் 1966ல் நோபல் வாங்கியவர்) கட்டி உள்ள எலிகளுக்குச் சாப்பாட்டைக் குறைத்தார். பல எலிகளில் கட்டி வளர்வது மெதுவானது. 1940களில் சிகாகோவில் டானன்பாம் இதை இன்னும் ஒழுங்காகச் செய்தார். வயிறு நிறையத் தின்ற எலிகளுக்கு மார்புக் கட்டி உட்படப் பல கட்டிகள் கூடுதலாக வந்தன, அளவோடு தின்றவற்றுக்குக் குறைவாக வந்தன. 1944ல் விஸ்கான்சினில் ரஷ், கிளைன் என்ற இருவர் எலிகளை ஓட வைத்தார்கள். ஓடிய எலிகளில் கட்டி மெதுவாக வளர்ந்தது. ஆனால் அந்தக் கண்டுபிடிப்பை ரொம்ப நாளைக்கு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

குறைத்தால் உடம்பின் காவல் படை சுருங்குகிறது. குறைத்தால் கட்டியும் சுருங்குகிறது. அப்புறம் எதைத்தான் செய்வது? நான் இங்கேதான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன். விடை டானன்பாம் செய்த சின்ன வேலையில் இருந்தது. அவர் எரிசக்தியை, அதாவது கலோரியை மட்டும்தான் குறைத்தார். புரதத்தையும் வைட்டமினையும் குறைக்காமல் கொடுத்தார். மெக்காரிசனின் புறாக்கள் கதை தலைகீழ். அரிசி இருந்தது, சத்து இல்லை. கலோரியும் சத்தும் இரண்டு தனித்தனிக் கணக்குப் புத்தகங்கள். நம் வீட்டுச் சண்டையில் இரண்டையும் ஒரே புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தோம்.

இனி நோய் எதிர்ப்பு சக்தியின் பக்கம் போவோம். இதுவும் ஏற்ற இறக்கம் நிறைந்த கதை. 1891ல் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற அறுவை மருத்துவர், புற்றுக்கட்டி உள்ளவர்களுக்கு வேண்டுமென்றே கிருமியை ஊசி போட்டார். காய்ச்சல் வந்தால் உடம்பே கட்டியைத் தின்றுவிடும் என்று நம்பினார். சிலருக்குப் பலித்தது, பலருக்கு இல்லை. கதிர்வீச்சு சிகிச்சை வந்ததும் அவரை மறந்துவிட்டார்கள். 1950களின் கடைசியில் பர்னெட், லூயிஸ் தாமஸ் ஆகிய இருவர், நம் உடம்பில் அடிக்கடி புற்று அணுக்கள் முளைக்கலாம், வெள்ளை அணுக்கள் ரோந்து போய் அவற்றை அழித்துவிடுகின்றன என்று ஒரு கருத்தைச் சொன்னார்கள். 1974ல் ஸ்டட்மன் என்பவர் அதைச் சோதித்தார். பிறவியிலேயே தைமஸ் இல்லாத, முடியில்லாத எலிகள் உண்டு. ரோந்துப் படை இல்லாத அந்த எலிகளுக்குக் கட்டி கூடுதலாக வரவேண்டும் அல்லவா? வரவில்லை! ரோந்துக் கருத்து கிட்டத்தட்டச் செத்தே போனது.

அடுத்த வருஷமே, 1975ல், ஸ்டாக்ஹோமிலும் அமெரிக்காவிலும் ஒரு புது வகை வெள்ளை அணுவைக் கண்டுபிடித்தார்கள். இது தைமஸ் பள்ளிக்கூடத்துக்கே போவதில்லை. பயிற்சி இல்லாமலே புற்று அணுவைக் கொல்லும். இதற்குப் பெயர் இயற்கைக் கொல்லி அணு. (கொல்லிமலை அடிவாரத்துக்காரனுக்கு இந்தப் பெயரைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம்!) ஸ்டட்மனின் எலிகளுக்குள் இந்தக் கொல்லிகள் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டுதான் இருந்தன. ரோந்துக் கருத்துக்கு மறுபடி உயிர் வர 2001 வரை ஆனது. 2018ல் ஆலிசனும் ஹோன்ஜோவும் நோபல் வாங்கியதும் இந்த வழி மருந்துகளுக்கு அடிப்படை போட்டதற்குத்தான். மார்பகப் புற்றுநோயில் ஒரு கடுமையான வகைக்கு இப்போது அந்த வகை மருந்து கொடுக்கிறார்கள்.

நடைக்கும் கொல்லிக்கும் என்ன சம்பந்தம்? 2016ல் கோபன்ஹேகனில் பெர்னில் ஹோய்மன் குழுவினர் எலிக்கூண்டில் ஓடுசக்கரம் வைத்தார்கள். இஷ்டப்பட்டு ஓடிய எலிகளில் கட்டிகள் 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. ஓடும்போது அட்ரினலின் சுரக்கிறது, அது கொல்லி அணுக்களை ரத்தத்தில் இறக்கிவிடுகிறது, தசையிலிருந்து வரும் இன்னொரு பொருளின் துணையோடு அவை கட்டிக்குள் போகின்றன. அட்ரினலின் சைகையை மருந்தால் அடைத்தால் பலன் போய்விட்டது. கொல்லிகளை நீக்கினாலும் போய்விட்டது. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சோதனை தோல், நுரையீரல், ஈரல் கட்டிகளில் நடந்தது, எலிகளில் நடந்தது. மார்பகப் புற்றுநோய் உள்ள ஒரு பெண்ணுக்கு அப்படியே நடக்கும் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

கொழுப்பின் கதை மார்புக்கு இன்னும் நெருக்கமானது. உடம்பில் எடை கூடும்போது மார்பில் உள்ள கொழுப்பு அணுக்கள் வீங்கி, சில சாகின்றன. சாகும் அணுவைச் சுற்றி வெள்ளை அணுக்கள் கிரீடம் வைத்த மாதிரி கூடி நிற்கும். குப்பை அள்ள வந்தவை அங்கேயே ஒரு நிரந்தரப் புகைச்சலை உண்டாக்குகின்றன. அந்தப் புகைச்சலில் ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கும் நொதியும் கூடுகிறது. பீட்சன் 1896ல் கத்தியால் அடைத்த வழி, கொழுப்பு வழியாகக் கொல்லைப்புறத்தில் திறந்துகொள்கிறது. "நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டு" என்று டப்பா சொல்கிறது. இங்கே பிரச்சினை சக்தி குறைந்தது இல்லையே, தப்பான இடத்தில் ஓயாமல் எரிவதுதானே! கூட்டுவது என்றால் எதைக் கூட்டுவது?

நம் மாநிலத்துக்கு வருவோம். 1886ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923ல் புற்றுநோயில் இறந்தார். அந்தத் துக்கத்திலிருந்துதான் 1954ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. ஆரம்பத்தில் 12 படுக்கைகள். 1955ல் சேர்ந்த டாக்டர் சாந்தா 2021ல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்தார். அவர்கள் செய்த பெரிய வேலைகளில் ஒன்று, 1980களின் ஆரம்பத்தில் சென்னை நகரத்தின் புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கியது. யாருக்கு என்ன புற்று என்று வருஷா வருஷம் பதிவு செய்தார்கள். (கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் இதற்கு என் தனி மரியாதை.) தொடங்கியபோது பெண்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்தான் முதலிடம். 2000களில் மார்பகப் புற்றுநோய் அதை முந்திவிட்டது. தாமதமான திருமணம், குறைந்த குழந்தைகள், கூடிய எடை, கூடிய ஆயுள் எல்லாமே சேர்ந்துதான்.

2002 முதல் 2005 வரை சென்னையிலும் திருவனந்தபுரத்திலும், நோய் வந்த 1,800க்கும் மேற்பட்ட பெண்களையும் அதே அளவு வராத பெண்களையும் வைத்து, லேன்-கிளேபன் பாணியில் ஒரு ஆய்வு நடந்தது. நகரப் பெண்கள், கிராமப் பெண்கள் இருவருமே அதில் உண்டு. எடையும் இடுப்புச் சுற்றளவும் கூடியவர்களுக்கு ஆபத்து கூடுதல். உடல் உழைப்பு கூடியவர்களுக்குக் குறைவு. அந்த உழைப்பில் ஜிம் கிடையாது, வீட்டு வேலையும் கணக்கில் வந்தது. தண்ணி தூக்குவதும் மாவாட்டுவதும்!

நோய் வந்த பிறகு? அதுதானே அத்தையின் கேள்வி. ரொம்ப காலம் உலகம் முழுக்க டாக்டர்களும் "ஓய்வெடு" என்றுதான் சொன்னார்கள். அதை உடைத்தவர்கள் அமெரிக்க நர்சுகள். 1989ல் மக்விகர், வின்னிங்ஹாம் ஆகியோர் கீமோ எடுத்துக்கொண்டிருந்த மார்பகப் புற்றுநோய்ப் பெண்களை நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிளில் ஏற்றினார்கள். அவர்கள் தளரவில்லை, தெம்பு கூடியது. 2005ல் வந்த இன்னொரு ஆய்வில், நோய் வந்த 2,987 நர்சுகளில், வாரம் 3 முதல் 5 மணி நேரம் சாதாரணமாக நடக்கும் அளவுக்கு அசைந்தவர்கள், அசையாதவர்களை விட அந்த நோயால் இறப்பது ஏறக்குறைய பாதியாக இருந்தது. தெம்பு இருப்பவர்தானே நடப்பார் என்று நீங்கள் மடக்கலாம். சரியான மடக்கல்தான். அதற்குப் பதில் சொல்ல, சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி ஆட்களைப் பிரித்து நடத்தும் சோதனை வேண்டும். பெருங்குடல் புற்றுநோயில் அப்படி ஒன்று 889 பேரிடம் நடந்து 2025ல் முடிவு வந்தது. கீமோ முடிந்தபின் 3 வருஷம் உடற்பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களுக்கு நோய் திரும்புவதும் இறப்பும் குறைந்தன. அது குடல், இது மார்பு என்ற வித்தியாசத்தை மறக்கக் கூடாது.

சாப்பாட்டில் முடிவு இவ்வளவு தெளிவாக இல்லை. 2006ல் ஒரு சோதனை: கொழுப்பைக் குறைத்த பெண்களுக்கு நோய் திரும்புவது 24 சதவீதம் குறைந்தது. 2007ல் இன்னொன்று: 3,088 பெண்களில் ஒரு பாதிப் பேர் காய்கறியும் பழமும் ஏராளமாகச் சாப்பிட்டார்கள், 7 வருஷம் பார்த்தும் வித்தியாசமே இல்லை! முதல் சோதனையில் பெண்களுக்கு எடையும் கொஞ்சம் இறங்கியது, இரண்டாவதில் இறங்கவில்லை. என் கட்சி எது என்றால், தனி ஒரு காயோ பொடியோ காப்பாற்றும் என்று நம்ப இதில் இடமில்லை, எடைக்குத்தான் வேலை இருக்கிற மாதிரி தெரிகிறது. கத்தரிக்காய்க்கு எதிராக எங்கும் ஒரு சாட்சியும் எனக்குக் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் அத்தையிடம் ஒரு சாயங்காலம் சொன்னேன். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஆறு கிலோ கூடியிருக்கிறார். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள் பலருக்கு எடை கூடுவது சகஜம், அதோடு எங்கள் வீட்டின் உபசாரமும் சேர்ந்துகொண்டது. அடுத்த தடவை சேலத்துக்குப் போனபோது டாக்டரிடமே கேட்டோம். நடக்கலாம், தினமும் நடக்கலாம், முட்டை சாப்பிடலாம், மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடக்கூடாது என்றார். "கை வீங்கும்னு குடம் தூக்க விடமாட்டேங்கறாங்களுங்க" என்றார் அத்தை. 2009ல் நடந்த ஒரு சோதனையில், கை வீக்கம் இருந்த பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கிப் பழகியும் வீக்கம் கூடவில்லை என்று நான் படித்திருந்தேன். டாக்டரும் சின்னதில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டச் சொன்னார். பவுடர் டப்பாவின் சீட்டைக் காட்டியபோது படித்துவிட்டு, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார்.

"அப்போ கோழி தின்னதால வரலியா?" பஸ்ஸில் வரும்போது அத்தை கேட்டார். இல்லை அத்தை என்றேன். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை மாசமாக அதை மனசுக்குள் வைத்திருந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

டப்பாவை உறவினரிடம் திருப்பிக் கொடுப்பதற்குள் அப்பாவுக்குப் பெரும்பாடு ஆகிவிட்டது, அதைத் தனிக் கட்டுரையாக எழுதலாம். இப்போது அத்தை காலையில் ஆறு மணிக்குக் கிளம்பி, கொல்லிமலை தெரியும் அந்த ரோட்டில் புளியமரம் வரை போய்த் திரும்புகிறார். முதல் வாரம் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை மரத்தைத் தாண்டிப் போயிருக்கிறார். பழைய செருப்பு கடிக்கிறது என்று சொன்னதால் சந்தையில் 350 ரூபாய்க்குப் புதுசு ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.